பக்கத்து சீட் நிபுணர்கள்

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியது என் மனைவி. கார் பற்றிய ஞானம் உதித்ததோ குடும்பத்தில் மற்ற எல்லோருக்கும். அதுவரை ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தவர்களெல்லாம் டார்க், சஸ்பென்ஷன் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு லைசென்ஸ் கிடையாது. எடுக்கும் உத்தேசமும் இல்லை. ஆகவே ஆலோசனைக் குழுவுக்கு நானே தலைமை ஏற்றேன்.

தேவை என்னவோ சாதாரணமானதுதான். அவள் ஆசிரியை. தினமும் மதுரை கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டிப் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கீழமாசி வீதிப் பக்கம் மளிகை, எப்போதாவது திண்டுக்கல்லில் அவள் அம்மா வீடு. நாலு பேர் உட்கார வேண்டும், நடுவழியில் நிற்கக் கூடாது. அதற்கு ஒரு சின்னக் கார் போதும். ஆனால் வீட்டில் ஆளாளுக்குத் தாங்கள் வாங்க முடியாமல் போன காரை அவள் தலையில் கட்டப் பார்த்தார்கள்.

முதலில் வந்தவன் மச்சினன். "மாமா, எடுக்கிறதுதான் எடுக்கிறோம், பெரிய எஸ்.யு.வி.யா எடுத்துருவோம். ரோட்டுல ஒரு கெத்து வேணும்ல?" என்றான். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் பைக்குகள் நிற்கும், நடுவில் ஒரு மாடு படுத்திருக்கும். ஐந்து மீட்டர் ஆரத்துக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடுகிற சின்னக் காரே இங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நுழைய வேண்டும். எஸ்.யு.வி. என்றால் மாடு மனது வைக்க வேண்டும். இதைச் சொல்லிப் பார்த்தேன், அவன் மசியவில்லை. முன்பணம் பற்றிப் பேச்செடுத்தேன். உடனே அவனுக்கு ஒரு போன் வந்துவிட்டது.

அடுத்து சித்தப்பா. அவரைப் பொறுத்தவரை 2014-ல் அம்பாசடர் உற்பத்தி நின்றதோடு இந்தியாவில் கார் என்ற பொருளே நின்றுபோயிற்று. "இப்ப வர்றதெல்லாம் தகர டப்பாடா. விரலால அமுக்கினா நெளியுது. அந்தக் காலத்துல எங்க முதலாளி வண்டி புளியமரத்துல மோதுச்சு. வண்டிக்கு ஒரு கீறல் கிடையாது."

"ஓட்டினவருக்கு?"

"ரெண்டு விலா எலும்பு போச்சு. அது ஓட்டினவன் தப்பு."

இப்போதைய கார்களின் முன்பக்கம் மோதினால் மடங்குவதற்கென்றே செய்யப்படுகிறது, வண்டி நசுங்கி அந்த வேகத்தைத் தின்றால்தான் உள்ளே இருப்பவன் பிழைப்பான் என்று விளக்கினேன். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் என்று நம் நாட்டிலேயே கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கிறார்கள் என்றும் சொன்னேன். சித்தப்பா யோசித்துவிட்டுக் கேட்டார்: "அதுக்கு எதுக்குடா தனியா மோதணும்? நம்ம ரோட்டுல ரெண்டு நாள் விட்டாப் பத்தாதா?"

அப்பாவின் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "எத்தனை குடுக்குது?" காரைப் பார்த்ததும் அதன் பெயரைக்கூட அவர் கேட்பதில்லை. லிட்டருக்கு 25 என்றால் முகம் மலரும், 20 என்றால் துக்க வீட்டுக்கு வந்தவர் போல ஆகிவிடுவார். அந்த 25 ஆய்வகத்தில் எடுத்த கணக்கு. ஆய்வகத்தில் கோரிப்பாளையம் கிடையாது. அப்படியே கிடைப்பதாக வைத்துக்கொண்டாலும், வருஷத்துக்கு 5,000 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 200 லிட்டர் போதும். 20 கொடுக்கும் வண்டி 250 லிட்டர் குடிக்கும். வித்தியாசம் 50 லிட்டர், ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய். புதிதாக ஓட்டுகிறவர் பின்பக்கம் தெரியாமல் ரிவர்ஸ் எடுத்துக் கம்பத்தில் இடித்தால், பம்பரும் பெயின்டும் ஒரே மத்தியானத்தில் அதைச் சாப்பிட்டுவிடும். ஆகவே மைலேஜைவிடப் பின்கண்ணாடியின் அகலமே பெரிய சிக்கனம் என்றேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரி, எத்தனை குடுக்குது?" என்றார்.

அம்மாவுக்கு இன்ஜின் பற்றிக் கவலையில்லை. நம்பர் பிளேட்டில் கூட்டுத்தொகை எட்டு வரக் கூடாது, அவ்வளவுதான். எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியவளுக்கு எட்டு ஆகாதாம்.

இத்தனை பேரும் பேசி முடித்த பிறகு, ஓட்டப்போகிறவளையும் அழைத்துக்கொண்டு ஒரு ஷோரூமுக்குப் போனோம். விற்பனைப் பையன் நல்ல பையன். ஆனால் அவள் கேட்கும் கேள்விக்கெல்லாம் என்னைப் பார்த்தே பதில் சொன்னான். நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் இன்ஜின் 1200 சிசிக்குள் இருந்தால் வரி குறைவு என்பதும், 2025 செப்டம்பரில் அந்த வகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாக இறங்கியதும் எனக்கே சொல்லப்பட்டன. டிக்கியை ஏன் அரையோடு வெட்டிவிடுகிறார்கள் என்ற சித்தப்பாவின் நெடுநாள் சந்தேகம் அங்கே தீர்ந்தது. கடைசியில் டெஸ்ட் டிரைவ் சாவியையும் என்னிடமே நீட்டி, "சார், ஓட்டிப் பாருங்க" என்றான். நான் அதை வாங்கி, ஒரு நிபுணரின் நிதானத்தோடு மனைவியிடம் கொடுத்தேன்.

அவள் பார்த்த விதம் வேறு. வண்டியை எடுக்கவே இல்லை. உட்கார்ந்தாள், சீட்டை ஏற்றினாள், முன்னே இழுத்தாள். பானெட்டின் விளிம்பு கண்ணுக்குத் தெரிகிறதா, பிரேக்கை அடிவரை மிதிக்கும்போது முழங்கால் லேசாக மடங்கியே இருக்கிறதா, கழுத்தைத் திருப்பினால் பின்கதவுத் தூண் எவ்வளவு மறைக்கிறது என்று பார்த்தாள். சீட்டின் உயரத்தை மாற்ற வழியில்லாத ஒரு மாடலை அந்த இடத்திலேயே கழித்துவிட்டாள். நாங்கள் எல்லோரும் சேர்ந்து அலசிய அத்தனையிலும் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

பிறகு கியர். கிளட்சையும் கியரையும் ஒரு மோட்டாரே பார்த்துக்கொள்ளும் ஏ.எம்.டி. 2014-ல் செலேரியோவோடு நம் சின்னக் கார்களுக்கு வந்தது. "கியர் மாத்தத் தெரியாதவன் டிரைவரே இல்ல" என்று சித்தப்பா கட்சி கட்டினார். "மாமா, நாப்பது பிள்ளைகளை மேய்ச்சுட்டு வர்றேன். கியரையும் நானே மேய்க்கணுமா?" என்றாள். கட்சி கலைந்தது. பாலம் ஏறும்போது பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்ட் மட்டும் கட்டாயம் வேண்டும் என்று அவளே சேர்த்துக்கொண்டாள்.

புதுசா, பழசா என்பதையும் ஒரே வரியில் முடித்துவிட்டாள். "முதல் கீறல் எப்படியும் விழும். அது ஏற்கெனவே கீறல் பட்ட வண்டியில விழட்டும்." பழசு என்றாலும் ரொம்பப் பழசு கூடாது: 2019 ஏப்ரலிலிருந்து விற்ற புதுக் கார்களில்தான் ஏ.பி.எஸ். கட்டாயம், முன்னால் இரண்டு ஏர்பேக் எல்லாக் கார்களிலும் கட்டாயமானது 2022 தொடக்கத்தில். ஆகவே 2022-லோ அதற்குப் பிறகோ வந்த வண்டிதான் என்று கோடு கிழித்தாள்.

செகண்ட் ஹேண்ட் சந்தையில் விற்பனைக்கு வரும் காரெல்லாம் டாக்டர் ஓட்டிய காராகவே இருக்கிறது. அதுவும் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு மட்டும். நோயாளிகளைப் பார்க்க அவர்கள் எதில் போனார்கள் என்று தெரியவில்லை. அப்படி ஒரு டாக்டர் வண்டியைப் பார்க்க, எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போனோம். புரோக்கர் இன்ஜினைத் திறந்து காட்ட, இவர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தார். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியென்றால் கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருக்குமாம். கதவு ரப்பரைப் பிரித்து உள்ளே வெல்டிங் புள்ளிகள் கம்பெனி போட்டது போல வரிசையாக இருக்கின்றனவா என்று தடவினார். ஸ்டெப்னியைத் தூக்கிக் குழிக்குள் கைவிட்டார். டயர் ஓரத்து நாலு இலக்கத்தைக் காட்டினார்; 2322 என்றால் 2022-ல் 23-ஆவது வாரம் செய்த டயர். கடைசியாக பிரேக் பெடலைப் பார்த்தார். மீட்டர் 18,000 கிலோமீட்டர் என்றது. பெடல் ரப்பரோ வரி தேய்ந்து வழவழவென்றிருந்தது.

"டாக்டருக்குக் கால் கொஞ்சம் கனம் போலண்ணே" என்று மெக்கானிக் புரோக்கரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கிடைத்தது ஒரு வேகன் ஆர். உயரமான சீட், தெளிவாகத் தெரியும் முன்பக்கம். மெக்கானிக் நெரிசலில் ஊர்ந்து பார்த்து, வண்டி குலுங்காமல் நகர்கிறது என்று தலையாட்டினார். "அக்கா, நம்பிக்கையான வண்டின்னா ரிப்பேரே வராத வண்டி இல்ல. வந்தா வாடிப்பட்டியில நிப்பாட்டினாலும் பார்ட்ஸ் கிடைக்கணும், தெரிஞ்ச ஆள் இருக்கணும்" என்றார். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 வெறும் 796 சிசி இன்ஜினோடு முப்பது வருஷம் தேசத்தை இழுத்ததன் ரகசியமும் அதுதான். ஒரு தலைமுறையே அதில்தான் ஓட்டப் பழகியது. எந்த ஊரில் நின்றாலும் அதைப் பிரித்து மாட்ட ஒரு ஆள் இருந்தார்.

வண்டி வீட்டுக்கு வந்தது. டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கூட்டுத்தொகை எட்டு இல்லை. அவளும் பதறாமல், வேகம் காட்டாமல், நன்றாகவே ஓட்டுகிறாள். தொல்லையெல்லாம் இடது சீட்டில்தான். அப்பா லிட்டர் கணக்குப் பார்க்கிறார். மச்சினன் "முந்துங்கக்கா" என்கிறான். சித்தப்பா எதிரே லாரி தெரிந்தாலே தரையை ஓங்கி மிதிக்கிறார். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் வாத்தியார் பக்கம் ஒரு பிரேக் இருக்குமே, அதை இதிலும் போட்டுத் தர முடியுமா என்று மெக்கானிக்கிடம் தனியாகப் போய் விலை கேட்டிருக்கிறார்.

மெக்கானிக் அவளிடம் சொல்லிவிட்டார். அவள் சிரித்துக்கொண்டே, "பிரேக் வேண்டாம்ணே. அந்தப் பக்கத்துக்குச் சத்தத்தைக் குறைக்கிற பொத்தான் ஏதாவது இருந்தா சொல்லுங்க, காசைப் பத்திக் கவலையில்ல" என்றாளாம்.