தனியாப் போய் வந்தவர்

“தனியாத்தான் போனேன்” என்று அவர் ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கையிலுள்ள டீ ஆறிவிடும். போடியில் இது எல்லோருக்கும் தெரியும். ஏலக்காய் ஏல மையத்து வராந்தா, பஸ் நிலையத்து டீக்கடை, கல்யாணப் பந்தி, கேத வீட்டு வாசல் பெஞ்சு என்று அவருக்கு இடபேதம் கிடையாது. வெனிஸில் ஒரு சனிக்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்துவிட்டு வந்தவர். மகன் மிலானில் படிக்கிறான். பார்க்கப் போன இடத்தில் அவனுக்குப் பரீட்சை வந்துவிட, அப்பாவை ரயிலேற்றி அனுப்பிவிட்டான். இரண்டரை மணி நேரப் பயணம். அதைச் சொல்லி முடிக்க இவருக்கு அதைவிடக் கூடுதல் நேரம் வேண்டும்.

“ஏலக்கா யாவாரிக்குத் தனியா மேல என்ன இம்புட்டு ஆசை?” என்று ஒரு மளிகைக் கடைக்காரர் கேட்டார். அன்றிலிருந்து அவருக்குத் ‘தனியா அண்ணன்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை.

தோட்டத்துக்கு ஜீப்பில் மலையேறும்போது டிரைவர்தான் மாட்டிக்கொள்வார். முந்தலில் தொடங்கும் கதை, போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளும் முடிந்து கேரளச் சோதனைச் சாவடி வரும்போது வெனிஸில் சனிக்கிழமை மத்தியானத்தைத்தான் எட்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, இறங்கும்போது.

கதை சாந்தா லூச்சியா ரயில் நிலையத்துப் படியில் ஆரம்பிக்கும். இறங்கினால் ரோடு கிடையாது. நேரே கிராண்ட் கனால். கார் இல்லை, ஆட்டோ இல்லை, சைக்கிள்கூட ஓட்டக் கூடாது. நூற்றுப் பதினெட்டுத் தீவு, நானூறுக்கும் மேல் பாலம். “பாலம் பூராம் படிக்கட்டுய்யா. பெட்டியத் தூக்கிக்கிட்டு ஏறி, இறங்கி, ஏறி, இறங்கி... தனியா!”

பெட்டி அன்றைக்கு மெஸ்த்ரேயில் இருந்தது. மெஸ்த்ரே கடலுக்கு இந்தப் பக்கம், கெட்டித் தரையில் இருக்கிறது. வெனிஸ் தீவுக்குள் அறை வாடகை கட்டுப்படியாகாதவர்கள் தங்கும் இடம். பாலத்தின் மேல் பத்து நிமிட ரயில். தேனியில் ரூம் போட்டுவிட்டுப் போடியில் தங்கினேன் என்று சொல்வது போலத்தான் இவர் வெனிஸில் தங்கியது. மகன் லீவில் வந்தபோது வாய்தவறி இதைச் சொல்லிவிட்டான். கதையிலிருந்து பெட்டி மட்டும் இன்னும் இறங்கவில்லை.

“ஒருத்தர்கிட்டயும் வழி கேக்கல” என்பது அடுத்த கட்டம். உண்மையிலேயே பெரிய காரியம்தான். வெனிஸில் கதவு எண் தெருவுக்குத் தெரு புதிதாகத் தொடங்குவதில்லை. ஊர் ஆறு வட்டாரம்; ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரே தொடராக ஆயிரக்கணக்கில் எண் ஓடும். சுவரில் ரியால்டோ, சான் மார்க்கோ என்று மஞ்சள் பலகையில் அம்புக்குறி உண்டு. சில முக்குகளில் ஒரே இடத்துக்கு இடப்பக்கம் ஓர் அம்பு, வலப்பக்கம் ஓர் அம்பு இருக்கும். அங்கே பிறந்தவர்களே சந்து மாறிப் போவதுண்டு. இவர் யாரிடமும் கேட்கவில்லை, ஏனென்றால் மிலானிலிருந்து மகன் இரண்டு நாளும் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். இருப்பிடத்தைக் காட்டும் நீலப்புள்ளி சந்துக்குள் நுழைந்ததும் குழம்பிப்போய்க் கால்வாய்க்குள் குதிக்கும். “அப்பா, தண்ணிக்குள்ள நிக்கிறீங்க! பின்னால வாங்க, பின்னால!” பையன் அந்தப் பரீட்சையை மறுபடி எழுதினான் என்று கேள்வி.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், “அதெல்லாம் சமாளிச்சுக்கிட்டோம்” என்பதோடு சரி. போடியிலிருந்து வீட்டம்மா கட்டிக் கொடுத்த புளிக்காய்ச்சல் பாட்டில் அந்தச் ‘சமாளிச்சுக்கிட்டோம்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது. கோயில் படி ஒன்றில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்திருக்கிறார். சீருடைக்காரர் வந்து எழுப்பிவிட்டார். கண்ட படியில் உட்கார்ந்து சாப்பிட்டால் அந்த ஊரில் அபராதம். 2019-இல் ரியால்டோ பாலத்துப் படியில் அடுப்பு வைத்துக் காபி போட்ட இரண்டு ஜெர்மன்காரர்களுக்கு 950 யூரோ தீட்டினார்கள். புளிச்சோறு தப்பியது.

சான் மார்க்கோ மணிக்கூண்டு 1902-இல் இடிந்து விழுந்ததும், 1912-இல் அதே இடத்தில் திரும்ப எழுந்ததும், 1720-இல் திறந்த ஃப்ளோரியன் காபிக்கடையின் விலைப்பட்டியலை இவர் நின்றபடியே படித்துவிட்டு நகர்ந்ததும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். கோண்டலாவுக்குத்தான் நேரம் பிடிக்கும்.

கோண்டலாவுக்கு நகராட்சி வைத்த கட்டணம் பகலில் அரை மணிக்கு 90 யூரோ. கட்டணம் ஆளுக்கல்ல, படகுக்கு. ஐந்து பேர் ஏறினாலும் அதே காசு, ஒருத்தர் ஏறினாலும் அதே காசு. ஆக, தனியாகப் போனவன் தலையில்தான் முழுப் பாரமும் இறங்கும். இவர் யூரோவை ரூபாயாக்கி, ரூபாயை ஏலக்காய்க் கிலோவாக்கி, கரையிலேயே நின்றுவிட்டார். பிறகு இரண்டு யூரோவுக்கு ‘த்ரகெட்டோ’ ஏறினார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுவிடும் பரிசல் சேவை அது. படகு கோண்டலா மாதிரியே இருக்கும். பயணம் சில நிமிடம். அந்தப் படம் அவர் கைப்பேசியில் இன்றும் முகப்பில் இருக்கிறது: நடுவில் இவர் விறைப்பாக நிற்கிறார், சுற்றிலும் கீரைக்கட்டும் மீன்பையுமாக உள்ளூர்ப் பெண்கள்.

“தனியாப் போனேன்னீங்க, இத்தனை பேர் நிக்கிறாக?”

“அவங்க வேற, நான் வேற.”

ஒருநாள் ஏல மையத்தில் ஒரு இளவட்டம், மார்க்கோ போலோவும் அதே ஊர்க்காரர்தானே, பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகம் வரைக்கும் வந்து எழுதி வைத்தவராச்சே, அவரைவிடவா நீங்கள் என்று சீண்டினான். அண்ணன் தயாராக இருந்தார். “அவரு 1271-ல கெளம்பும்போது அப்பனும் அப்பனோட கூடப்பொறந்தவரும் கூட வந்தாங்கப்பா. நான் ஒத்தையாளு.” 1295-இல் ஊர் திரும்பிய மார்க்கோ போலோ, தான் பார்த்ததில் பாதியைக்கூடச் சொல்லவில்லை என்று சாகும் தருவாயில் சொன்னதாக ஒரு கதை உண்டு. அண்ணனும் இதே சந்தேகத்தைக் கிளப்பிக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் எழுந்து போகிறார்.

ஒரே ஒரு இடத்தில் அவர் பேச்சு மாறும். ரியால்டோவுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பலசரக்குக் கடையில், சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஏலக்காய். வாங்கி, தோலைக் கிள்ளி, நாலு அரிசியை வாயில் போட்டுப் பார்த்திருக்கிறார். “குவாத்தமாலாச் சரக்கு. பச்சை இருக்கு, வாசம் இல்ல” என்பார். வாஸ்கோ ட காமா 1498-இல் கோழிக்கோட்டில் இறங்கும்வரை மேற்குமலை மிளகு பெரும்பாலும் எகிப்து வழியாக வெனிஸுக்குப் போய்த்தான் ஐரோப்பாவில் பரவியது என்று அங்கே நின்றபோதுதான் மகன் போனில் சொன்னானாம். “அந்த ஊரு மாளிகையில பாதி நம்ம மலைச் சரக்குய்யா” என்று சொல்லிவிட்டு, கையிலிருக்கும் சாம்பிளைக் கொஞ்ச நேரம் முகர்ந்துகொண்டிருப்பார். இதைச் சொல்லும்போது அவர் தனியாப் போனதை மறந்துவிடுகிறார். கேட்பவர்களும் மணி பார்ப்பதில்லை.

அதோடு விட்டிருக்கலாம். ஊரில் பார்க்கிற பையனையெல்லாம் நிறுத்தி, “தனியாப் போ, அப்பத்தான் உலகம் தெரியும்” என்று உபதேசம் பண்ணுகிறவருக்குச் சென்னைக் கல்லூரியில் ஒரு மகள் இருக்கிறாள். 2010 கடைசியில் மீட்டர்கேஜ் ரயில் நின்ற பிறகு, பன்னிரண்டு வருடத்துக்கும் மேல் ரயில் பார்க்காத ஊர் போடி. 2023 ஜூனில் வண்டி திரும்ப வந்தது. சென்னையிலிருந்தே நேராக வருகிறது. போன தீபாவளிக்கு அதில் தானே வந்துவிடுவதாக மகள் சொன்னாள்.

“பொம்பளப்பிள்ள தனியா எப்படிம்மா?”

அவரிடம் பாடம் கேட்டே வளர்ந்த பிள்ளை. “நீங்க சந்து சந்தாப் போனீங்க, அண்ணன் போன்ல வழி சொன்னான். எனக்கு யாரும் வழி சொல்ல வேணாம்ப்பா. சென்ட்ரல்ல ஏறினா கடைசி ஸ்டேஷன் போடிதான். அதுக்கு மேல தண்டவாளமே கிடையாது.”

கணக்குப்பிள்ளையைச் சென்னைக்கு அனுப்புவதாக அவர் முடிவு செய்தார். வரும்போது மகளுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டாக டிக்கெட் போடச் சொல்லி, மிலானுக்குப் போன் செய்தார்.