தீவில் உட்கார்ந்து மதிப்புரை எழுதுவது எப்படி?

முதலில் அட்டையைப் பாருங்கள். தென்னை, கடல், சிறைக் கம்பி மூன்றில் இரண்டு இருந்தால் அது அந்தமான் புத்தகம். உள்ளே ‘போர்ட் பிளேர்’ என்று இருந்தால் 2024 செப்டம்பருக்கு முந்தியது. ‘ஸ்ரீ விஜயபுரம் என்று திருத்தவில்லை’ என முதல் குறையை எழுதிவிடலாம். இன்னும் ஒரு பக்கம்கூடப் படித்திருக்க வேண்டியதில்லை.

பார்க்காததைப் பற்றி எழுதலாமா என்று கூசாதீர்கள். மார்க்கோ போலோ இங்கே கரையிறங்கியதற்குச் சான்றில்லை. ஆனாலும் தீவுக்காரர்களுக்கு நாய்த்தலை என்று சிறையில் சக கைதியிடம் சொல்லி எழுதவைத்தார். எழுநூறு வருஷமாக வாசிக்கிறார்கள்.

அடுத்து ஒரு பெரிய ஆளாகப் பார்த்துச் சண்டைக்கு இழுங்கள். கானன் டாயிலின் ‘தி சைன் ஆஃப் ஃபோர்’ (1890) தோதானது. ஹோம்ஸ் அலமாரியிலிருந்து ஒரு தடிப் புத்தகத்தை எடுக்கிறார். அந்தமானியர் நரமாமிசம் தின்பவர்கள் என்று வாட்சனுக்கு வாசித்துக் காட்டுகிறார். அதற்கு முன்பே டோங்கா என்னும் அந்தமானியன் ஊதுகுழலில் விஷமுள் வைத்து ஊதி ஒருவரைக் கொன்றிருக்கிறான். இங்கேதான் நீங்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். அந்தமான் பழங்குடியினரின் ஆயுதம் வில்லும் அம்பும், ஊதுகுழல் அல்ல. இதே கதையில்தான், 140 வகைப் புகையிலையின் சாம்பலைப் பிரித்தறிவது பற்றி நூல் எழுதியதாக ஹோம்ஸ் பீற்றிக்கொள்கிறார். சாம்பலில் இருந்த அக்கறை வில்லில் இல்லை! திட்டி முடித்ததும், தேம்ஸ் நதியில் படகு துரத்தும் இடத்தை மூச்சுவிடாமல் படித்ததையும் ஒரு வரியில் ஒப்புக்கொள்ளுங்கள். நல்ல இடம் அது, மறைத்தால் பாவம்.

காமிக்ஸ் பக்கம் வந்தால் வேதாளர். ராணி காமிக்ஸ் வாசகருக்கு மாயாவி. லீ ஃபாக் 1936இல் தொடங்கியது. வேதாளரைச் சுற்றியும் விஷ அம்புக் குள்ளர்கள்! டோங்காவுக்கு வில்லைக் கொடுத்து வேறு காட்டுக்கு மாற்றல் போட்ட மாதிரி இருக்கிறது. சிவகாசி லயன் காமிக்ஸின் டெக்ஸ் வில்லரைத் தொடாதீர்கள். அவர் சாக மாட்டார் என்று தெரிந்தே படிக்கிறோம். அதில் விமர்சனத்துக்கு என்ன வேலை?

புதுசாக ஏதாவது வேண்டுமென்றால் சுபாங்கி ஸ்வரூப்பின் ‘லேட்டிட்யூட்ஸ் ஆஃப் லாங்கிங்’ (2018). அந்தமானில் தொடங்கும் நாவல். வனத்துறை விஞ்ஞானியின் மனைவி பேய்களோடு சகஜமாகப் பழகுகிறாள். பேய்களை நம்பிவிட்டேன். வந்து இறங்கிய அரசு ஊழியருக்கு பங்களா கிடைத்ததைத்தான் நம்ப முடியவில்லை. என்றாலும் தீவுப் பகுதிதான் நாவலில் உசத்தி; கதை கடல் தாண்டிப் போனதும் எனக்குச் சுருதி இறங்கிவிட்டது.

கடைசியாக நிரந்தரப் புகார் ஒன்றைக் கைவசம் வையுங்கள். 2011 கணக்கெடுப்பில் இங்கே நூற்றுக்கு 15 பேர் தமிழ் பேசுகிறவர்கள். நாவல்களில் கைதிக்கு இடமுண்டு, ஆதிவாசிக்கு உண்டு, பேய்க்கும் உண்டு. ஸ்ரீ விஜயபுரத்து அபர்டீன் பஜாரில் கல்லாவில் உட்கார்ந்து மூன்று மொழியில் சில்லறை கேட்கும் நம்மாளைக் காணோம். ‘அப்படியானால் நீங்களே எழுதுங்களேன், அண்ணே’ என்று யாராவது மடக்குவார்கள். சென்னைக் கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கிறார்கள், வரிசையில் நிற்கணும் என்று நழுவிவிடுங்கள்.