ஸ்டேஜ் ஏறிய நிலம்

கே: எங்க விஜயநகரை 1, 2, 3, 4 என்று ஏன் ஸ்டேஜ் ஸ்டேஜாகப் போட்டார்கள்? ஒரேயடியாகப் போட்டிருக்கலாமே? (விஜயநகர் 2-ஆம் ஸ்டேஜ், மைசூரு)

ப: நிலம் எடுக்கணும், விவசாயிக்கு நஷ்டஈடு தரணும், அப்புறம் ரோடு, சாக்கடை, தண்ணீர், கரண்ட். அத்தனைக்கும் ஒரே நாளில் பணம் எந்தக் கஜானாவில் இருக்கு? எடுத்தவரை போடு, போட்டவரை கொடு, அடுத்ததுக்கு நகரு!

கே: மூடாவுக்கு (மைசூரு நகர அபிவிருத்தி ஆணையம்) முன்னால் மைசூரில் லே-அவுட் போட்டது யார்? (சரஸ்வதிபுரம்)

ப: மூடா 1988-இல் வந்த பிள்ளை. அதற்கு மூத்தது 1903-இல் அமைந்த நகர அபிவிருத்தி டிரஸ்ட் போர்டு. பிளேக் வந்து ஊரைப் புரட்டிப் போட்ட பிறகுதான் காற்றும் வெளிச்சமும் உள்ள தெரு வேணும் என்று மன்னராட்சிக்கு உறைத்தது. ஆக, மைசூரின் நகரத் திட்டத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டது எலி!

கே: 30×40 சைட் என்கிறார்களே, நம்ம கணக்கில் எவ்வளவு? (சேலம்)

ப: அரை கிரவுண்ட். 40×60 வாங்கினால் முழு கிரவுண்ட். சதுர அடி எல்லை தாண்டினாலும் மாறாது, விலைதான் மாறும்.

கே: 14 சைட் விவகாரத்தில் விஜயநகர் பெயர் எப்படி அடிபட்டது? (ஈரோடு)

ப: கேசரேயில் 3 ஏக்கர் 16 குண்டே நிலத்துக்கு ஈடாக, 50:50 திட்டத்தில் (மேம்படுத்திய நிலத்தில் பாதி மூடாவுக்கு, பாதி நிலம் கொடுத்தவருக்கு), 2024-இல் கர்நாடக முதல்வராக இருந்த சித்தராமையாவின் மனைவிக்கு மூடா கொடுத்த 14 சைட்களும் விஜயநகர் 3, 4-ஆம் ஸ்டேஜ்களில் இருந்தன. 2024 அக்டோபரில் அவை மூடாவுக்கே திரும்பின. நான் சொல்வது ஒன்றுதான்: எந்த ஊரில் நிலம் எடுத்தாயோ, அந்த ஊரிலேயே ஈடு கொடு. ஒரு பக்கம் எடுத்து இன்னொரு பக்கம் கொடுத்தால், இடையில் விலை வித்தியாசம் வந்து உட்கார்ந்துகொள்ளும். (40 குண்டே ஒரு ஏக்கர். ‘3.16 ஏக்கர்’ என்று படித்தவர்கள் திருத்திக்கொள்ளவும். சரியான கணக்கு 3.4!)

கே: “பேஸ் 1-இல் சைட் வாங்குங்க, பார்க் பேஸ் 3-இல் வரும்” என்கிறார் புரமோட்டர். நம்பலாமா? (ஹெப்பாள், மைசூரு)

ப: பார்க் வருவதற்குள் ஊஞ்சல் ஆட வேண்டிய பேரனுக்குக் கல்யாணம் ஆகிவிடும். 2016 ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி 500 சதுர மீட்டரைத் தாண்டிய லே-அவுட்டுக்குப் பதிவு கட்டாயம். ஒவ்வொரு பேஸும் தனித் திட்டம், தனிப் பதிவு. உங்களிடம் வாங்கும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்கணும். அனுமதி வாங்கிய பிளானை மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரின் சம்மதம் வேணும். எனவே முதல் பேஸில் நிற்கும்போதே மூணு பேஸின் பிளானையும் கையில் வாங்குங்க. பார்க் பேப்பரில் இருக்கணும், புரமோட்டர் வாயில் இருந்தால் போதாது.

கே: 40:30:30 என்பது என்ன? கிரிக்கெட் ஸ்கோரா? (கோவை)

ப: லே-அவுட் போட்டவர் விற்பதற்காக ஆணையம் சைட்களை விடுவிக்க, கர்நாடகத்தில் புழங்கிய கணக்கு. முதலில் 40 சதவீதம், வேலை பாதி நடந்தபின் 30, எல்லாம் முடிந்தபின் மீதி 30. கடைசி 30-ஐ முன்கூட்டியே விட்டால் ரோடு ரன்-அவுட்!

கே: ரெவின்யூ சைட் மலிவாக வருகிறதே? (ஓசூர்)

ப: விவசாய நிலத்தைக் கோடு கிழித்து விற்பது அது. டி.சி. கன்வர்ஷன் (விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற மாவட்ட அதிகாரி தரும் அனுமதி) உண்டா, லே-அவுட் அனுமதி உண்டா, ரெண்டையும் கேளுங்க. இல்லையென்றால் பிளானும் சிக்கல், பேங்க் லோனும் சிக்கல். வயல்காற்று மட்டும் தாராளம்.

கே: பக்கத்தில் சி.ஏ. சைட் காலியாகவே கிடக்கிறது. கார் நிறுத்திக்கொள்ளட்டுமா? (விஜயநகர் 4-ஆம் ஸ்டேஜ்)

ப: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, நூலகம் என்று ஊருக்காக ஒதுக்கிய இடம் அது. உங்க கார் இதில் எது?