நால்வருக்கு ஒரு படகு

கோல சிலாங்கூரில் ஒற்றை ஆளுக்கு என்று எதற்கும் விலை கிடையாது. மின்மினி பார்க்கும் படகு நால்வருக்கு. பாசிர் பெனாம்பாங்கில் நண்டு கிலோக் கணக்கில். மெனுவில் ‘சின்னத் தட்டு’ என்று போட்டிருப்பது சின்னக் குடும்பத்துக்கான தட்டு. விடுதியில் எட்டிப் பார்த்தால் இரட்டைக் கட்டில். தன்னந்தனியாக, அதுவும் சட்டைப்பையில் ஐம்பது வெள்ளியோடு, ஊர் பார்க்க வருகிற ஆளை இந்தத் துறைமுகம் தோன்றிய காலத்திலிருந்தே யாரும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த ஐம்பது வெள்ளி வீட்டுக்காரி கொடுத்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு, செகாம்புட் வீட்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் நானே நிற்கிறேனாம். “எங்கயாச்சும் போயிட்டு வாங்க. ராத்திரி வந்தாப் போதும்” என்றாள். ராத்திரி என்பதை அழுத்திச் சொன்னாள்.

நான் பிறந்தது புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே ஒரு தோட்டத்தில். ஆகவே கோல சிலாங்கூர் எனக்குத் தெரிந்த ஊர்தானே என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கோல சிலாங்கூர் என்றால் ஆஸ்பத்திரி. காய்ச்சல் மருந்துக்காரருக்கு அடங்காவிட்டால் லாரியில் ஏற்றி அங்கே கொண்டுபோவார்கள். ஊரை நான் பார்த்ததில்லை, அதன் ஊசியைத்தான் பார்த்திருக்கிறேன்.

சுங்கை பூலோவில் கொம்யூட்டரை விட்டு இறங்கி பஸ் ஏறினேன். ஈஜோக் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனை. எங்கள் காலத்துப் பால்மரங்கள் போன இடம் தெரியவில்லை. லயங்கள் இருந்த இடத்தில் செம்பனை, பெரட்டுக்களம் இருந்த இடத்திலும் செம்பனை. இதற்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுத் துரை. இந்த நாட்டில் வியாபாரத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917இல், பத்தாங் பெர்ஜுந்தை பக்கம், அவருடைய தோட்டத்தில். தோட்டத்தின் பெயர் தென்னமரம். நட்டது செம்பனை. நம் ஆட்கள் யாரும் அப்போது குறுக்கே பேசியதாகத் தெரியவில்லை. துரை அதோடு நிற்காமல் மலாயாவைப் பற்றி ஒரு நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசையும் வாங்கிக்கொண்டு போனார். எங்கள் தோட்டத்துத் துரை எழுதியவற்றில் ஜனங்கள் முண்டியடித்துப் படித்தது நோட்டீஸ் போர்டு ஒன்றைத்தான்.

காசில்லாதவனுக்கு இந்த ஊரில் கிடைக்கும் மிகப் பெரிய சலுகை புக்கிட் மெலாவத்தி. குன்றின் மேலே போக டிராம் வண்டி இருக்கிறது, அதற்குக் கட்டணமும் இருக்கிறது. நடந்தால் இனாம். குன்றும் அப்படியொன்றும் உயரமில்லை, மூச்சு வாங்குவதற்குள் உச்சி வந்துவிடும்.

மேலே இனாமாகக் கிடைக்கும் வரலாறு கொஞ்சநஞ்சமில்லை. சிலாங்கூர் சுல்தான்களின் பரம்பரை 1766இல் சுல்தான் சாலேஹுடினோடு தொடங்கியது இங்கேதான். அவரும் மகன் இப்ராஹிமும் பேரன் முகமதுவும் குன்றின் மேலேயே அடக்கமாகியிருக்கிறார்கள். 1784இல் டச்சுக்காரர்கள் வந்து கோட்டையைப் பிடித்தார்கள். பிடித்த கையோடு பத்தாவியாவில் இருந்த தங்கள் கவர்னர் ஜெனரல் ஆல்டிங்கின் பெயரை வைத்து ஆல்டிங்ஸ்பர்க் ஆக்கினார்கள். பெயர்ப்பலகையின் சாயம் காய்ந்திருக்காது, அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிம் பஹாங் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஓர் இரவில் வந்து விரட்டிவிட்டார். 1871இல் ரினால்டோ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் வந்து கோட்டையைச் சுட்டது. பிறகு வெள்ளைக்காரர்களே 1907இல் இங்கு ஒரு கலங்கரை விளக்கத்தைக் கட்டி, அதற்கு ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்தார்கள். நூற்றிருபது ஆண்டுக்கு முன் துரத்தி அடிக்கப்பட்டவரின் பெயர்! சண்டை போட்டு ஜெயித்த சுல்தான் சமாதியில் இருக்கிறார், தோற்றவருக்கு விளக்கு.

பழைய பீரங்கிகள் இன்னும் கடல் பக்கம்தான் குறி வைத்திருக்கின்றன. ஆனால் குன்றுக்கும் கடலுக்கும் நடுவே இப்போது சதுப்புக்காடு. அங்கே கோல்ஃப் மைதானம் போடுவதாக ஒரு யோசனை இருந்து, மலேசிய இயற்கைச் சங்கம் குறுக்கே விழுந்ததால் 1987இல் இயற்கைப் பூங்கா ஆனது. ஆக, டச்சுக்காரரையும் வெள்ளைக்காரரையும் பார்த்த பீரங்கி இன்று சேற்றில் துள்ளும் பெலாச்சாக் மீன்களைக் குறி பார்த்துக்கொண்டு நிற்கிறது. துறைமுகமா? ஈயத்தையும் கப்பலையும் கிள்ளான் பக்கம் இழுத்துக்கொண்டார்கள். அங்கே சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901இல் திறந்தபின் இந்த ஆற்றுமுகத்துக்கு மிஞ்சியது மீன்படகுகள்தான். எனக்கு அதில் வருத்தமில்லை. பெரிய துறைமுகமாக வளர்ந்திருந்தால் என்னை வாசலிலேயே நிறுத்திப் பாஸ் கேட்டிருப்பார்கள்.

குன்றில் என்னைத் தனி ஆளாக மதித்தவை குரங்குகள் மட்டும்தான். அவற்றில் இரண்டு ஜாதி. சாம்பல் நிறத்தில், தலைமுடி தூக்கி நிற்பது லூத்தோங். பரம சாது. பயத்தங்காய் கொடுத்தால் முதலில் நம் விரலைப் பிடித்துக்கொண்டு, காயைப் பதனமாக உருவி எடுத்துக்கொள்ளும். குட்டிகள் நல்ல ஆரஞ்சு நிறத்தில் பிறக்கின்றன. சில மாதம் கழித்துத்தான் குடும்பத்தின் சாம்பல் நிறத்துக்கு வந்து சேர்கின்றன. இரண்டாவது ஜாதி நீளவால் குரங்கு. அதனிடம் ‘முதலில்’ என்ற பேச்சே கிடையாது.

குரங்குக்குப் போட என்றே அங்கே பயத்தங்காய்க் கட்டு விற்கிறார்கள். விலையைக் கேட்டேன். நான் மத்தியானத்துக்கு வாங்கி வைத்திருந்த நாசி லெமாக் பொட்டலத்தைவிட அது ஒசத்தி. குரங்கைவிட மலிவாகச் சாப்பிடும் நிலையில் இருப்பவன் தருமம் செய்யக்கூடாது என்று நகர்ந்தேன். பின்னாலிருந்த நீளவால்காரர் இந்த ஏற்றத்தாழ்வைத் தாமாகவே சரிசெய்தார். பொட்டலம் மரத்தில் ஏறியது. நெத்திலியைத் தின்று, சம்பலை முகர்ந்து, முகத்தைச் சுளித்து, இலையைக் கீழே போட்டார். சம்பல் சரியில்லை போலும்.

கீழே இறங்கி ஓர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தேன். சோறு வைத்த தங்கச்சி என் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தது.

“தனியாவா வந்தீங்கண்ணே?”

“ஆமா.”

“வேலையா?”

“இல்ல, சும்மா. ஊர் சுத்திப் பாக்க.”

கரண்டி நின்றது. அறுபது வயது ஆள், தனியாக, வேலையில்லாமல், ஆற்றோரத்து ஊருக்கு வந்திருக்கிறான். நம் இனத்தில் இதற்கு உல்லாசப் பயணம் என்று பெயர் கிடையாது. தங்கச்சி குரலைத் தாழ்த்தி, “வீட்ல ஏதும் பிரச்சினையாண்ணே?” என்றது. பக்கத்து மேசையில் தே தாரிக் ஆற்றிக்கொண்டிருந்த இருவர் நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். எனக்குப் பிள்ளைகள் எத்தனை, அவர்கள் பார்க்கிறார்களா, சேமநிதிப் பணத்தை யாராவது ஏமாற்றி வாங்கிக்கொண்டார்களா என்று விசாரணை முடிவதற்குள் இலையில் இரண்டு அப்பளம் கூடியிருந்தது. சோற்றுக்கு மட்டும்தான் காசு வாங்கினார்கள். துன்பத்தில் இருப்பவனிடம் மீன் பொரியலுக்குக் காசு வாங்கினால் தரித்திரமாம். நான் மறுத்துப் பார்த்தேன், ரொம்ப ஒன்றும் மறுக்கவில்லை.

இப்படித்தான் ஒன்று புரிந்தது. தனிமை என்பது காசு உள்ளவர்களுக்கான வசதி. கார் இருந்தால், அறை எடுத்திருந்தால், என்னை யாரும் தொட்டிருக்க முடியாது. ஐம்பது வெள்ளிக்காரனை ஊர் தத்து எடுத்துக்கொள்கிறது. மின்மினி பார்க்கக் கம்போங் குவாந்தான் போக வேண்டும், ஊரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் இருக்கும், பஸ் கிடையாது என்று வாய் தவறிச் சொன்னதுதான். “என் அண்ணன் மவன் அந்தப் பக்கந்தான் போறான், மோட்டார்ல ஏத்தி விடுறேன்” என்று தங்கச்சி முடிவு செய்துவிட்டது. என்னை ஆற்றங்கரையில் தனியே விடக்கூடாது என்று அந்தப் பையனிடம் ரகசியமாகச் சொன்னது என் காதிலும் விழுந்தது.

மாலைவரை நேரம் இருந்ததால் பாசிர் பெனாம்பாங் போய் அடுத்தவர்கள் நண்டு தின்பதைப் பார்த்தேன். அதற்குக் கட்டணம் இல்லை. தவுக்கே என்னைப் பார்த்து ஒற்றை விரலைக் காட்டி, “ஒரே ஆளா?” என்று மலாயில் கேட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார். சாசாரான் கடலில் நடுவே மணல்திட்டு இருக்கிறதே, அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் வற்றும்போது கண்ணாடியாக மின்னுமே, அதற்கும் படகு விடுகிறார்கள். விலையைக் கேட்டதும் எனக்குப் போன் வந்துவிட்டது. போன் பேசிக்கொண்டே தெருமுனைவரை நடந்தேன்.

கம்போங் குவாந்தானில் டிக்கெட் வாங்குமிடத்தில் மறுபடியும் அதே வழக்கு. படகுக்குத்தான் விலை, ஆளுக்கில்லை. முழுப் படகுக்கும் நான் கொடுத்தால் வீடு திரும்ப நடக்க வேண்டியிருக்கும். அப்போது ஒரு வேன் வந்து நின்றது. மகன், மருமகள், சேலை கட்டிய ஒரு பெரியம்மா. மூன்று பேர்! நான் அவர்களைப் பார்த்த பார்வையில் கணக்கு எழுதியிருந்திருக்க வேண்டும். பெரியம்மாவே, “வா தம்பி, ஒரு எடம் இருக்கு” என்றார். சேலைக்கு மேலே மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் படகில் இறங்கி உட்கார்ந்தும்விட்டார்.

துடுப்புப் படகு. விளக்கு கிடையாது, போனில் படம் எடுக்கக்கூடாது. கரையோரம் முழுக்க பெரெம்பாங் மரங்கள், அவற்றின் இலைகளில் மின்மினி. இவை தனித்தனியாக மினுக்கும் பூச்சிகள் அல்ல. ஆண்பூச்சிகள் எல்லாம் சேர்ந்து, வினாடிக்கு ஏறக்குறைய மூன்று முறை, ஒரே தாளத்தில் அணைந்து எரிகின்றன. தோட்டத்துத் திருவிழாவில் சாமி ஊர்வலம் லயத்துப் பக்கம் திரும்பியதும் இளவட்டங்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சீப்பை எடுப்பார்களே, அதேதான். மின்மினிப் புழுக்கள் கரைமண்ணில் நத்தை தின்று வளர்கின்றன. அதனால் கரையை வெட்டிச் செம்பனை நட்டால் நத்தையும் போகும், விளக்கும் போகும். படகோட்டி இதையெல்லாம் கிசுகிசுத்துவிட்டு, சத்தம் வேண்டாம் என்று சைகை காட்டினார்.

“எந்த ஊரு தம்பி?” என்றார் பெரியம்மா, தோட்டத்துக் குரலில்.

“செகாம்புட்டுங்க, பெரியம்மா.”

“அது கெடக்கட்டும். முன்ன எந்தத் தோட்டம்?”

சொன்னேன்.

“அட! எந்த டிவிசன்?”

“ரெண்டாவது. அப்பா மண்டோரா இருந்தாரு.”

மின்மினிகள் நான்கைந்து முறை எரிந்து அணைந்தன.

“மீச மண்டோரா?”

“ஆமாங்க.”

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பெரியம்மா முழுசாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார். “தீவாளிக்கு மொத வாரம். பெரட்டுக்கு அஞ்சு நிமிசம் லேட்டு. புள்ளைக்குக் காச்சலுன்னு சொன்னேன். காதுலயே வாங்காம அரநாள் சம்பளத்த வெட்டிப்புட்டாரு உங்கப்பன். ஒன்னர வெள்ளி!”

“நாந்தாண்ணே அந்தக் காச்சக்காரன்” என்று இருட்டில் முன்பலகையிலிருந்து மகனின் குரல் வந்தது. தலை நரைத்த ஆள்.

படகோட்டி மறுபடியும் சைகை காட்டினார். பெரியம்மாவுக்கு மலாய் நன்றாகவே தெரியும், சைகைதான் தெரியவில்லை. ஒன்றரை வெள்ளிக்கு அந்தக் காலத்தில் எத்தனை கட்டி அரிசி, எத்தனை முழம் சீட்டித் துணி, அந்தத் தீபாவளிக்குச் சின்னவளுக்குப் பாவாடை இல்லாமல் போனதெப்படி என்று ஆற்றின் இரண்டு கரைக்கும் கேட்கும்படி கணக்கு வந்தது. நான் மண்டோரின் வாரிசாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் கண்ட மின்மினிகள் பெரும்பாலும் தண்ணீரில் தெரிந்தவைதான்.

கரையேறியதும் படகுக்கு என் பங்கை நீட்டினேன். பெரியம்மா வாங்க மாட்டேன் என்றுவிட்டார். கடைசி பஸ் போய்விட்டதென்று தெரிந்ததும் வேனில் ஏறச் சொன்னார். பத்தாங் பெர்ஜுந்தை வழியாக வந்தோம். அந்த ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள், வேனில் இருந்த யாருக்கும் அந்தச் செய்தி எட்டவில்லை. தென்னமரம் பக்கம் எங்கோ என்று மருமகள் ஜன்னலைக் காட்டினார். இருட்டில் செம்பனை தவிர ஒன்றுமில்லை. ரவாங் ஸ்டேஷனில் இறக்கிவிடும்போது முட்டை பன் ஒன்றும் தண்ணீர்ப் போத்தலும் கையில் திணித்தார்கள். பெரியம்மா மட்டும் வேனை விட்டு இறங்கவில்லை. ஜன்னல் வழியாக, “ஒன்னர வெள்ளிய நான் மறக்கல. வட்டி வேணாம். பேத்திக்குச் சடங்கு வருது, வந்து மொய்யில வச்சிட்டுப் போ” என்றார்.

பத்திரிகை வாட்ஸ்அப்பில் வந்துவிட்டது. நூறு வெள்ளிக்குக் குறைந்தால் மரியாதையில்லை என்கிறாள் வீட்டுக்காரி. சட்டப்படி கடன் ஒன்றரை வெள்ளிதான் என்று நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். இதற்கிடையில் பெரியம்மாவின் மகன் போன் போட்டு, மொய் நோட்டில் என் பெயர் வேண்டாம், மண்டோர் பெயரைத்தான் எழுத வேண்டும், அம்மாவின் உத்தரவு என்றார். மீசை மண்டோர் என்று எழுதினாலும் போதுமாம்.