ராஜா மீது ராமபாணமா?

கேள்வி: பரணில் கிடைத்த இளையராஜா எல்.பி.யின் அட்டை உறை கிழிந்திருக்கிறது. செலோடேப் போட்டு ஒட்டிவிடலாமா? (வாசகர், வில்லியனூர்)

பதில்: கிழிசல் போதாதென்று கறையும் வேண்டுமா? செலோடேப் சில வருஷத்தில் காய்ந்து உதிரும். பசை மஞ்சளாக அட்டையில் ஊறி நிற்கும். சேகரிப்பாளர்கள் தட்டுக்கும் உறைக்கும் தனித்தனியே தரம் போடுகிறார்கள். டேப் ஒட்டிய உறை அதில் இறங்கிவிடும்.

ஆவணக் காப்பாளர்கள் மெல்லிய ஜப்பானியக் காகிதத்தை மாவுப்பசையால் உட்புறம் ஒட்டுவார்கள். வில்லியனூர் ஈரக்காற்றில் பசை சரியாகக் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும், ராமபாணப் பூச்சியும் தேடி வரும். ராஜா மீது ராமபாணமா!

ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ஒட்டே வேண்டாம். வெளியே பாலித்தீன் உறை, உள்ளே புதுக் காகித உறை, அலமாரியில் நிமிர்த்தி வைத்தல், இவ்வளவு போதும்.

அட்டைப் படத்துக்கு இந்த மரியாதை நியாயமானதே. 1939இல் அட்டைப் பட வடிவமைப்பாளர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ் அமெரிக்காவின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்தில் சேரும்வரை இசைத்தட்டுகள் பெரும்பாலும் வெற்று உறையில்தான் விற்றன.