பரங்கிப் பாறையில் ஒரு திரிசங்கு

கேள்வி: பினாங்குக்கு வருகிறேன். நீச்சல் தெரியாத நான் பத்து பெரிங்கிக் கடற்கரையில் பாராசெயிலிங் செய்யலாமா?

பதில்: தாராளமாக. நாகப்பட்டினத்தில் 'ரஜுலா' கப்பலேறி, நாட்கணக்கில் வாந்தியெடுத்தபடி இக்கரை சேர்ந்த நம் முன்னோருள் எத்தனை பேருக்கு நீச்சல் தெரிந்திருந்ததோ. தாங்களோ மிதவைச் சட்டையும் இடுப்பு வாரும் பூண்டு, விசைப்படகு முன்னே இழுக்க, பாதரட்சையற்ற கால்கள் ஆகாயத்தில் ஊசலாட, சில நிமிஷ காலம் திரிசங்கு பதவியை அனுபவித்துவிட்டு, புறப்பட்ட மணலிலேயே வந்து இறங்கப் போகிறவர். கடற்கரையின் பெயரில் வரும் 'பத்து' என்பது எண்ணன்று, மலாயில் பாறை. 'பெரிங்கி' நம் பரங்கியேதான். கடலில் கால் நனைக்குமுன் ஜெல்லிமீன் நடமாட்டத்தைக் கரையில் விசாரித்துக்கொள்ளுங்கள். நாசி கண்டார் என்னும் குழம்புச் சோற்றை மட்டும் தரையிறங்கிய பிறகு சாப்பிடுங்கள். கீழே நிற்பவர்களும் மனிதர்களே.