ஜீனோவுக்கு ஒரு கூட்டாளி

கேள்வி: சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் ஜீனோவுக்கு ஒரு துணைப் பாத்திரத்தை நானே உருவாக்கிக் கதை எழுதுகிறேன். இது சரியா? (ஒரு வாசகி, கரம்பொன்)

பதில்: தாராளமாக எழுதுங்கள்! 1980களில் விகடனில் தொடராக வந்த கதையின் எந்திர நாய் உங்களை இன்றும் எழுத வைக்கிறதே, அதைவிட என்ன மரியாதை வேண்டும்? சுஜாதாவே ‘நைலான் கயிறு’ கதையில் தன் துப்பறியும் வக்கீல் கணேஷைத் தனியாகத்தான் அனுப்பினார். உதவியாளர் வசந்த் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவர். இன்று அவரில்லாமல் கணேஷை நினைக்க முடிகிறதா?

ஒரேயொரு எச்சரிக்கை. 1973இல் ‘ஸ்டார் டிரெக்’ தொலைக்காட்சித் தொடரின் ரசிகையான பாலா ஸ்மித், சக ரசிகர்களின் கதைகளைக் கிண்டல் செய்து ‘மேரி சூ’ என்ற பாத்திரத்தைப் படைத்தார். பதினைந்தரை வயதிலேயே லெப்டினன்ட், எதிலும் தோற்காதவள், எல்லாருக்கும் செல்லம். உங்கள் பாத்திரம் அப்படி ஆகிவிடக்கூடாது. வசந்துக்கு வழிசலும் வாய்த்துடுக்கும் இருப்பதால்தான் அவர் நிற்கிறார்.

நெடுந்தீவுக் காட்டுக் குதிரைகள் உங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கின்றன? ஓர் எந்திரக் குதிரையைப் படையுங்கள். உப்புக் காற்று பட்டால் துருப்பிடிக்குமென்று நடுங்கட்டும், குறிகாட்டுவான் துறையில் படகேற மறுக்கட்டும், ஜீனோ அதட்டி ஏற்றட்டும். தமிழறிஞர் தனிநாயகம் அடிகள் பிறந்த உங்கள் ஊரிலிருந்து தமிழுக்கு ஓர் அறிவியல் புனைகதை வரட்டும். நண்பர்களோடு பகிருங்கள், புத்தகமாக்கி விற்பதென்றால் மட்டும் உரிமையாளர்களிடம் அனுமதி கேளுங்கள்.